'வெளியே' எனப்படுவது யாது?

சகல ஆத்துமாக்கள் திருநாளன்று கோயிலுக்குள் சென்று விதித்த மந்திரங்களைச் சொன்னால், பாவக்கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஓர் ஆத்துமா பரிபூரண பலன் பெற்று மோட்சம் சேரும். வெளியே வந்து மறுபடி நுழைந்தால் இன்னோர் ஆத்துமா. இத்தனை தாராளமான சட்டத்தைத் திருச்சபை வேறெதற்கும் இயற்றியதில்லை. ஆகவே மால்ட்டாவின் அந்தச் சிற்றூரில், அன்று காலை முதல் கதவு சாத்தும் மணி வரை, பெண்கள் தறியின் நாடாவைப் போலக் கோயிலுக்குள் போவதும் தெருவுக்கு வருவதுமாக இருப்பார்கள்.

சென்சாவுக்கு அவ்வாண்டு அது விளையாட்டன்று. அவள் கணவர் விஸ்தீன் கோடையில் இறந்திருந்தார். பேண்டு சங்கத்தில் பெருமுரசு கொட்டியவர். எதிர்ச் சங்கத்தார் தலையிலும் இரண்டொரு முறை கொட்டியதுண்டு. அவரை இன்றே கரையேற்றிவிடுவதென்று அவள் உறுதி பூண்டிருந்தாள்.

"ஒரு தடவை போதாதாக்கா?" என்றாள் அடுத்த வீட்டுக் கத்தரின்.

"அந்த மனுசனை உனக்குத் தெரியாதா? முயல் குழம்பு ஆறுதுன்னாகூட ஒரு குரலுக்கு எந்திரிச்சதில்ல."

வாசலில் போவோரும் வருவோரும் முட்டிக்கொண்டார்கள். ஆத்துமாக்கள் கரையேறுவதில் தாமதம் நேர்வதைக் கண்ணுற்ற கோயிலின் பங்கு அலுவலகம், துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சவேரு என்பவரை வாசல் ஒழுங்கு அதிகாரியாக நியமித்தது. கப்பல்களையே காக்க வைத்த அனுபவம் அவருக்கு உண்டு. விசிலும் சொந்தமாக வைத்திருந்தார்.

அவர் முதற்காரியமாகத் தெருக்கதவை அடைத்தார். இனிப் பக்க வாசலால் வெளியேறி, மதிலுக்குள்ளேயே முற்றத்தைச் சுற்றிப் பெரிய வாசலுக்கு வரவேண்டும் என்று அறிவித்தார். அடுத்து, முற்றத்தில் ஊர்வம்பு பேசியவர்களின் சுற்று ரத்து என்றார். ஓடியவர்களின் சுற்று பக்திக் குறைவின் காரணமாக மறுபரிசீலனைக்கு உரியது என்றார். பெண்கள் முணுமுணுத்தபடியே நடந்தார்கள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. குடைகள் விரிந்தன. விசில் ஒலித்தது.

குடை என்பது கையில் பிடிக்கும் கூரை என்று சவேரு விளக்கினார். கூரையின் கீழ் நிற்பவர் வெளியே வந்தவர் ஆகார். வெளியே வராதவர் உள்ளே நுழைதல் இயலாது. குடைகள் மடங்கின. சென்சாவின் துக்க உடையிலிருந்து கறுப்புச் சாயம் வழிந்து காலணிகளில் இறங்கியது. விஸ்தீனுக்காக மேலும் சில சுற்றுகள் பொறுத்தாள். பிறகு அதிகாரியின் முன் போய் நின்றாள்.

"சவேரு ஐயா, தலைக்கு மேல கூரை இருந்தா அது வெளியே இல்ல. சரி. சுத்திலும் கோயில் மதில் இருந்தா, அது மட்டும் வெளியேயா?"

குடையை மீட்பதொன்றே அவள் நோக்கம். ஆனால் சவேரு நேர்மையானவர். தர்க்கம் எவர் வாயிலிருந்து வந்தாலும் மதிப்பவர். மதிலைப் பார்த்தார். அடைத்த தெருக்கதவைப் பார்த்தார். முகம் வெளிறியது. ஆயினும் கடமை தவறாமல் விசிலை ஊதினார்.

"இந்தம்மா சொல்றது சரிதான். முற்றம் கோயிலைச் சேர்ந்தது. அதனால கதவை அடைச்சதிலேர்ந்து யாரும் வெளியே போகல. அதுக்கு முன்னாடியும் ஒழுங்குமுறை இல்லாததால, ஆளுக்கு முதல் நுழைவு மட்டும்தான் செல்லும்."

அப்போது கதவு சாத்தும் மணி அடித்தது. மேல்முறையீடு செய்ய விரும்புவோர் அடுத்த திருநாளில் வரலாம் என்றார்.

ஒரு வாதத்தில் வென்றதற்காக சென்சா வாழ்நாளில் முதல்முறையாக வருந்தினாள்.

"ஒண்ணாவது செல்லுதேக்கா," என்று கத்தரின் தேற்றினாள். "முதல் தடவை யாருக்கு ஒப்புக்கொடுத்த?"

முதல் நுழைவைத் தன் வீட்டாருக்கென வைத்துக்கொள்வது அவ்வூரில் நாகரிகமன்று. வேண்டிக்கொள்ள ஒருவருமின்றி, எல்லாராலும் மறக்கப்பட்ட ஆத்துமாவுக்கே அதைக் கொடுப்பார்கள். சென்சாவும் கொடுத்திருந்தாள். கத்தரினும் கொடுத்திருந்தாள். ஊரே கொடுத்திருந்தது.

ஆக, அவரவர் பெற்றோரும் விஸ்தீனும் இருந்த இடத்திலேயே இருக்க, பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஊராரின் பலனையெல்லாம் வாரிக்கொண்டு மோட்சம் போய்விட்டார்.

வீடு திரும்பிய சென்சா, ஈர உடையைக்கூட மாற்றாமல் பிள்ளைகளை அழைத்தாள்.

"நான் செத்தா எனக்காக ஒருத்தரும் வேண்டிக்க வேணாம். என்னைச் சுத்தமா மறந்துடுங்க. அதுதான் குறுக்கு வழி."

செய்தி பரவியது. அவ்வூரில் முதியோர் அனைவரும் தத்தம் மக்களிடம் அதே வாக்குறுதியைக் கேட்டு வாங்கினார்கள். பெற்றோரின் வேறெந்தக் கட்டளையையும் பிள்ளைகள் அத்தனை செம்மையாக நிறைவேற்றியதில்லை.