லிஃப்ட் கயிற்றை அறுத்தது யார் என்று ஒரு வரி எழுதித் தரவும்

அலெக்சாந்திரியா, முஹர்ரம் பெக்
வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய நபவிய்யா சித்தி அவர்களுக்கு,

உங்கள் அக்காள் மகன் ரிஃப்அத் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. உங்களுக்கும் சித்தப்பாவுக்கும், சித்தப்பாவின் வலது முழங்காலுக்கும், பால்கனியில் வளரும் இரண்டு ஆமைகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆமைகளுக்கு ஏற்கனவே தந்துவிட்டான் என்பதால் அந்தப் பங்கையும் முழங்காலுக்கே சேர்க்கட்டும். அம்மா நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள்.

போனில் மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் "இருடா, பிள்ளைகளைக் கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டீர்கள். எந்தப் பிள்ளைகளை, சித்தி? அவர்கள் நீங்கள் எழுதிய பிள்ளைகள். ஆகவே தாளில் கேட்கிறேன், தாளில் பதில் வேண்டும், கீழே உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

உங்கள் 'மொட்டைமாடிப் பிள்ளைகள்' ஒன்பது பாகங்களில் ஏழாவதைப் பற்றித்தான் பேச்சு. எழுதியவருக்கே கதை சொல்வது மரியாதை இல்லை, ஆனால் உங்களுக்கு நினைவிருக்காது என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். மூன்றாம் பாகத்தில் ஓய்வுபெற்ற கர்னல் தன் பதக்கத்தையே விழுங்கிச் செத்தார். ஐந்தில் ஒரு பியானோ தரையைப் பிளந்துகொண்டு கீழ்வீட்டு வரி அதிகாரியின் மதியச் சாப்பாட்டில் இறங்கியது. ஏழில், வீட்டுக்காரர் ஷகீப் எஃபெந்தி, மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் மூன்று பிள்ளைகளைத் தெருவில் தள்ளுவதற்காக லிஃப்டில் ஏறுகிறார், ஐந்தாவது மாடி தாண்டும்போது கயிறு அறுகிறது, அவர் கீழே போகிறார், அவருடைய துருக்கித் தொப்பி மட்டும் ஒரு நொடி அந்த உயரத்திலேயே நின்று யோசிக்கிறது. யார் அறுத்தது? மூன்றாம் மாடிப் பல் டாக்டர் ஹலீமின் பையில் ஒரு சின்ன ரம்பம் இருக்கிறது. பிள்ளைகள் கயிற்றில் புரி விட்டிருப்பதை முந்தின நாளே பார்த்தவர்கள், யாரிடமும் சொல்லாதவர்கள். வீட்டுக்காரரோ பதினோரு வருஷம் அந்த லிஃப்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாதவர். ஆனால் சட்டப்படி ஏற்ற முடியாத மாதம் ஏழு பவுண்டு பழைய வாடகையை வைத்துக்கொண்டு அவர் எந்த எண்ணெயை வாங்குவார் என்றும் நீங்களே கேட்டு வைத்திருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் "எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், போய்த் தூங்குங்கள்" என்று முடித்துவிட்டீர்கள். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அலெக்சாந்திரியா தூங்கவில்லை.

இந்தப் புத்தகத்தை எங்கள் பள்ளி ஆறாம் வகுப்புக்கு இந்த வருஷக் கதைப்பாடமாக வைத்தது நான்தான், அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பரீட்சைக்கு நான் எழுதிய கேள்வி, "உனக்கு யார்மேல் சந்தேகம்? ஏன்?" என்பது. எங்கள் தலைமையாசிரியை அப்லா தவ்ஹீதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுக்கு மாதிரி விடை என்ன எழுதுவே? நாற்பது பிள்ளைங்களுக்கு நாற்பது சந்தேகம் வந்தா நான் எதைப் பூட்டி வைக்கிறது?" என்று கேட்டார். நம் நாட்டில் கேள்விக்கு முன்னால் விடை பிறக்க வேண்டும், அது உறையில் போய் முத்திரை வாங்கி அலமாரியில் உட்கார வேண்டும், பிறகுதான் பிள்ளைகள் யோசிக்கலாம். அதனால் கேள்வி "லிஃப்ட் கயிற்றை அறுத்தது யார்? ஒரே பெயரும் காரணமும் எழுதுக, பத்து மதிப்பெண்" என்று மாறியது. விடையைச் சொன்னவர் பள்ளி முதலாளி ஹாஜி முன்ஸிஃப். நான்கு கட்டடங்களுக்குச் சொந்தக்காரர், நான்கிலும் பழைய வாடகைக்காரர்கள், அவர்களில் யார் இறந்தாலும் பேரன் வந்து அதே ஏழு பவுண்டை நீட்டுகிறான் என்ற வயிற்றெரிச்சலில் வாழ்பவர். "பல் டாக்டர்தான் அறுத்தான். காரணம், நன்றி கெட்டதனம். எழுதுப்பா" என்றார். எழுதினேன் சித்தி. கையெழுத்தும் போட்டேன். அந்த வாரம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரம். வேறு காரணம் எதுவும் இல்லை, இருப்பதாகச் சொன்னால் பொய்.

பிள்ளைங்க விடைத்தாள் வந்துச்சு. வீட்டுக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க அத்தனை பேரும் பல் டாக்டர்னு எழுதியிருந்தாங்க, வாடகை வீட்டுப் பிள்ளைங்க அத்தனை பேரும் எஃபெந்தியே தன் கஞ்சத்தனத்தால விழுந்தார்னு எழுதியிருந்தாங்க. பதினோரு வயசுப் பிள்ளைங்க தாளை வச்சே எந்த வீட்டுல யார் வாடகை கட்டுறாங்கன்னு சொல்லிடலாம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அரசாங்கம் வீணா ஆள் அனுப்புது. ஒரே ஒரு தாள் மட்டும் எந்தப் பக்கமும் சேரலை. நாரிமான்னு ஒரு பொண்ணு, லிஃப்ட் மெக்கானிக் உஸ்தா பயூமியோட மக. அவ எழுதினதை அப்படியே தர்றேன்: "எல்லாரும்தான். வீட்டுக்காரர் எண்ணெய் விடவில்லை. குடியிருந்தவர்கள் லிஃப்டில் ஏறினார்கள், அதைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளைகள் பார்த்தும் சொல்லவில்லை. அவர் விழுந்தபோது நான் சிரித்தேன். அதனால் நானும் கொஞ்சம்."

இதுக்கு நான் பூஜ்யம் போட்டேன். ஒரே பெயர் இல்லை, மாதிரி விடையோட ஒத்துப்போகலை. சிவப்பு மையால சுத்தமா ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு விலை என்னன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எங்க பள்ளியில நாலு இலவச இடம் இருக்கு, அதுல ஒண்ணு நாரிமானோடது, அரபுப் பாடத்துல எண்பத்தஞ்சுக்குக் கீழே போனா அந்த இடம் போயிடும். இந்தப் பத்தும், மத்ததுல அங்கங்க ஒண்ணு ரெண்டும் போக அவ எண்பத்திரண்டுல நிக்குறா. அடுத்த வருஷம் அவ இங்க இருக்கணும்னா எனக்கு மூணு மார்க் வேணும், அந்த மூணு மார்க்கு உங்க லிஃப்டுக்குள்ள கிடக்கு.

திங்கக்கிழமை பெற்றோர் கூட்டம். முற்றத்துல நாற்காலி போட்டோம், வீட்டுக்காரங்க நிழல் பக்கம், வாடகைக்காரங்க வெயில் பக்கம், யாரும் சொல்லாமலே அப்படி அமைஞ்சுது. முதல் அஞ்சு நிமிஷம் எல்லாரும் புத்தகத்தைப் பத்திப் பேசினாங்க. ஆறாவது நிமிஷம் யாரோ ஒரு அம்மா, "எங்க கட்டடத்துல தண்ணி மோட்டாரை நிறுத்தினதும் இந்த எஃபெந்தி மாதிரி ஒரு ஆள்தான்" அப்படின்னாங்க. நிழல் பக்கத்துலேர்ந்து ஒருத்தர், "ஏழு பவுண்டுக்கு மோட்டாரா? ஏழு பவுண்டுக்கு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க பார்ப்போம்" அப்படின்னார். "நீங்க வாங்கிக் குடுங்க, குடிக்கிறோம், அதுக்கும் ரசீது குடுக்க மாட்டீங்க." "உங்க மாமனார் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் ரசீது அவர் பேர்லதானே வாங்குறீங்க?" "அவர் உசுரோட இருந்தப்பவே உங்க லிஃப்ட் செத்துப்போச்சுங்க." அப்லா தவ்ஹீதா மணியை அடிச்சு அடிச்சுப் பார்த்தாங்க, இடைவேளைன்னு நினைச்சு ஒண்ணாம் வகுப்பு முழுக்க வெளியே ஓடி வந்துடுச்சு.

அப்பத்தான் உஸ்தா பயூமி எழுந்தார். வேலை உடுப்போட நேரா வந்திருந்தார். பையிலேர்ந்து முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் கயிறை எடுத்து ஹாஜி முன்னால மேஜையில போட்டார். "இதுதாங்க லிஃப்ட் கயிறு. அந்தப் பல் டாக்டர் ரம்பம் வேணாம், உங்க இஷ்டத்துக்கு எதை வேணாலும் எடுத்துட்டு வந்து அறுங்க. அறுத்துட்டா என் பொண்ணுக்குப் பூஜ்யம் சரி" அப்படின்னார். ஹாஜி பேனாக்கத்தியை எடுத்து ரெண்டு இழு இழுத்துப் பார்த்தார், கத்தி மடங்கிடுச்சு. கூட்டத்துல கசாப்புக்கடைக்காரர் ஒருத்தர் இருந்தார், வாடகைக்காரர், மானப் பிரச்சினையா எடுத்துக்கிட்டு கடைக்கு ஓடிப்போய் வெட்டுக்கத்தியோட வந்தார். ஒரே போடு. மேஜை ரெண்டாச்சு. கயிறு அப்படியே கிடந்துச்சு. கத்தியில பல்லு விழுந்துடுச்சு, அதைப் பார்த்து அவர் கண் கலங்கினதை நான் பார்த்தேன், எஃபெந்திக்காக இந்த ஊர்ல யாரும் அந்த அளவுக்கு அழலை.

"பார்த்தீங்களா?" அப்படின்னார் பயூமி. "இதை யாரும் அறுக்க முடியாது. தேயும். பார்க்க வேண்டியவங்க பார்க்காம விட்டா புரி புரியா விடும், ஒருநாள் போயிடும். என் பொண்ணு எழுதினதுல என்ன தப்பு?" அப்புறம் குரலைத் தணிச்சு, "உங்க நாலாம் கட்டடத்துக் கயிறும் இப்படித்தான் ஹாஜி. ரம்ஜானுக்கு முன்னாடியே சொன்னேன். அடுத்த வருஷம் பார்ப்போம்னீங்க" அப்படின்னார். நாலாம் கட்டடத்துல எட்டாவது மாடியிலதான் ஹாஜியே குடியிருக்கார், சித்தி. அன்னைக்கு சாயங்காலம் அவர் படியேறிப் போனதா கேள்வி. மாடிக்கு மாடி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எந்தெந்த வீட்டுக் கதவு என்ன நிறம்னு முப்பது வருஷத்துல முதல் தடவையா பார்த்துக்கிட்டே போனாராம்.

ஆனா விட்டுக்கொடுக்கலை. கூட்டம் முடியறப்போ என்னைப் பார்த்து, "முத்திரை வச்ச விடை முத்திரை வச்சதுதான். எழுதின அம்மாவே தன் கையால வேற மாதிரி எழுதிக் குடுத்தா மாத்தறேன். உன் சித்திதானே? வாங்கிட்டு வா" அப்படின்னுட்டார். அதுலேர்ந்து எனக்குத் தெருவுல நடக்க முடியலை. அவரைக் கூழ் விக்கிற ஃபூல் கடைக்காரர் ஒரு கரண்டி கூடப் போட்டுட்டு, "எனக்கு மட்டும் சொல்லுங்க சார், பிள்ளைங்கதானே?" அப்படிங்கறார். டிராம்ல டிக்கெட் கொடுக்கிறவர் டாக்டர் கட்சி. எனக்கும் தெரியாதுன்னா யாரும் நம்பறதில்லை, எழுதினவங்க அக்கா மகன் விலை ஏத்துறான்னு பேச்சு.

உங்க கொள்கை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் பதிலை ஊட்டக் கூடாது, உலகத்துல நல்லவன் கெட்டவன்னு ரெண்டு வரிசை கிடையாதுன்னு நீங்க சொல்வீங்க. சொல்லுங்க, அழகாத்தான் இருக்கு. ஆனா உங்க புத்தகத்துல பதில் இல்லைன்னா அது இலக்கியம், நாரிமான் தாள்ல ஒரே பதில் இல்லைன்னா அது பூஜ்யம். சந்தேகப்படறதுக்கும் வசதி வேணும்போல, அதுக்கான கட்டணத்தை அந்தப் பொண்ணு கட்டிட்டு நிக்குறா. அதனால கெஞ்சிக் கேக்கறேன், "கயிறை அறுத்தது எல்லாரும்தான்"னு ஒரே ஒரு வரி, தேதி, கையெழுத்து. அது உண்மையா இருக்கணும்னு கூட இல்லை. நான் மட்டும் உண்மையைப் பார்த்தா கையெழுத்துப் போட்டேன்?

சித்தப்பாவைப் படி ஏற வேண்டாம்னு சொல்லுங்க. உங்க கட்டடத்து லிஃப்டிலும் ஏற வேண்டாம்னு சொல்லுங்க. பேசாம வீட்டிலேயே இருக்கட்டும். அம்மா உங்களுக்கு முத்தங்களும், போன பெருநாளுக்கு எடுத்துட்டுப் போன பெரிய அலுமினியப் பாத்திரத்தைப் பற்றி ஒரு நினைவூட்டலும் அனுப்புகிறாள். உங்கள் பேனாவுக்கு இறைவன் அருள் கிடைக்கட்டும், அது ஒரு தடவையாவது வாயைத் திறக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ரிஃப்அத்

பின்குறிப்பு, ஞாயிறு மதியம்: வெள்ளி, சனி தபாலாபீஸ் மூடல், அதனால கடிதம் என் பையிலேயே இருந்துச்சு. இந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள அந்த வரியை எழுதிட்டீங்கன்னா கிழிச்சிடுங்க. எழுதலைன்னா எழுதாதீங்க.

இன்னைக்குக் காலையில பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்னாடி நான் அலுவலகத்துக்குப் போனேன். மாதிரி விடையை எடுக்கத்தான் போனேன், உங்களிடம் மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. அதுக்கு முத்திரை வச்ச மூலம் ஒண்ணே ஒண்ணுதான், அது இல்லைன்னா விதிப்படி கேள்வியே ரத்து, பத்து மார்க்கும் எல்லாருக்கும். அலமாரி பூட்டாமலே இருந்துச்சு, திறந்தேன். உறை இருந்துச்சு. உள்ள காலி. எனக்கு முன்னாடி யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க.

அப்லா தவ்ஹீதா விதியைச் சத்தமா படிச்சாங்க, குரல்ல துக்கம் ஒண்ணும் தெரியலை. நாரிமானுக்குத் தொண்ணூத்திரண்டு. இடம் அவளோடதுதான். தாளை வாங்கிட்டு, "சும்மா குடுத்த பத்து சார் இது. நான் எழுதினது சரியா இல்லையா, அதைச் சொல்லுங்க" அப்படின்னா. சிவப்பு வட்டத்தை அடிச்சிட்டு, பக்கத்துல "சரி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வருஷத்துல நான் போட்ட ரெண்டாவது கையெழுத்து, இதுக்கு யாரும் சொல்லித் தரலை.

யார் எடுத்தாங்கன்னு பள்ளி பூரா ஒரே பேச்சு. சாவி அப்லாகிட்ட இருக்கு. உஸ்தா பயூமி சாவி இல்லாமலே எதையும் திறக்கக்கூடியவர். ஆனா ஒண்ணு சொல்றேன் சித்தி. இன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி பள்ளிக்கு வந்தவர் ஹாஜி முன்ஸிஃப். எட்டு மாடி இறங்கின களைப்புன்னு சொல்லி அந்த அறையில தனியா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தாளைக் காணோம்னதும் கத்தக்கூட இல்லை. "போனது போகட்டும், வேலையைப் பாருங்க" அப்படின்னார்.

யாருன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா உங்களோடவே வச்சுக்கோங்க. அவர்தான்னு ஆயிடுச்சுன்னா நான் அந்த மனுஷனை வெறுக்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்க வேண்டி வரும், இந்த வயசுல அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை.