பொம்பிளை பார்க்க வந்த நாளில் மருந்தடித்த கதை

ஒரு வீட்டைப் பற்றி அதில் குடியிருப்பவனைவிடக் கரப்பொத்தான் பூச்சிக்குத்தான் அதிகம் தெரியும். இதை அறிந்துகொள்வதற்குள் நான் என் தங்கை சுகந்தியின் கலியாணப் பேச்சையே குழப்பியடிக்கப் பார்த்தேன்.

முள்ளியவளையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வவுனியாவிலிருந்து மாப்பிள்ளையும் தாயாரும் வருவதாக இருந்தது. முன்பு வந்த சம்பந்தங்கள் சாதகத்தில் தட்டிப்போய்விட்டன. இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவார் என்று எனக்குப் பயம். அந்த நேரம் பார்த்துக் குசினி நிறையக் கரப்பொத்தான். சீனிப் போத்தலை இறுக்கி மூடினேன். எச்சில் கோப்பைகளை இரவே கழுவ வைத்தேன். தொட்டியில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்தேன். (அடைத்ததை மறந்து தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேச்சு வாங்கியதும் நானே.) ஒரு பருக்கைகூடச் சிந்தாத வீட்டில் இவை எதைத் தின்று கொழுக்கின்றன என்பது எனக்கு விளங்கவேயில்லை.

கடைசியில், அவர்கள் வரும் நாள் காலையில், கடையில் வாங்கிய மருந்தை மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். பூச்சி இருந்த இடத்திலேயே சாகும் என்பது என் எண்ணம். முதலில் வெளியே ஓடிவரும் என்று (போத்தலில் எழுதியிருந்ததாம், யார் வாசித்தது?) எனக்குத் தெரியாது.

சுகந்தி தேநீரோடு வந்தாள். அவளுக்குத் தோழிகள் போல அவையும் பின்னால் வந்தன, பட்டப்பகலில், வெறிகாரர் மாதிரித் தள்ளாடிக்கொண்டு. ஒன்று பறந்து மாப்பிள்ளையின் தாயாருடைய தோளில் இறங்கியது. நான் பேப்பரைச் சுருட்டி ஓங்கிவிட்டேன். அடித்தால் அடி யாருக்கு விழும் என்று யோசித்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. சுகந்தியின் கண் கலங்கியிருந்தது. மருந்தின் மிச்சத்தை நானே குடிக்கலாம் போலிருந்தது.

தாயார் சேலையை ஒரு உதறு உதறினார். பிறகு அவை வந்த வழியே நடந்து அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ரீவி வந்த பெட்டி, ஃபான் வந்த பெட்டி, பிஸ்கட் பெட்டி எல்லாம் கூரைவரை அடுக்கியிருந்தன. மட்டையையும் பசையையும் தின்றே பூச்சிகள் சீவித்திருக்கின்றன. நான் துடைத்ததெல்லாம் அலுமாரிக்கு முன்னால் மட்டும்.

“உந்தப் பெட்டியளை ஏன் எறியேல்ல?” என்று அம்மாவைக் கேட்டார்.

“திரும்பச் சண்டை தொடங்கி வெளிக்கிட வேண்டி வந்தா சாமான் கட்ட வேணும்தானே” என்றார் அம்மா.

அந்தப் பெட்டிகளைத் தினமும் பார்த்த எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையின் தாயார், “நானும் ஒண்டையும் எறியேல்லைப் பாருங்கோ” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் கதைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. எந்த இடத்தில் முற்றாகியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கலியாணம் முடிந்து சுகந்தியின் சாமான்களை வவுனியாவுக்கு அனுப்பும்போது, சும்மா கிடக்கிற பெட்டிதானே என்று அவற்றிலேயே கட்டி அனுப்பினேன். (மட்டை மடிப்புக்குள் முட்டை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது?) இப்போதும் போன் எடுத்தால் மாப்பிள்ளை சுகம் விசாரிப்பதற்கு முன் இதைத்தான் சொல்லுவார்:

“சீதனம் வேண்டாம் எண்டுதானே சொன்னனாங்கள். நீங்கள் அனுப்பினது இஞ்ச நல்லாப் பெருகுது, மச்சான்.”