ஜன்னலைச் சுரண்டிய கதை

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கிலீசில் யாராவது என்னிடம் இரண்டு வசனத்துக்கு மேல் பேசினால் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிடுவேன். விளங்கியதால் அல்ல, விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். (இப்படித் தலையாட்டியே இரண்டு காப்புறுதியும், ஒருநாளும் போகாத ஒரு ஜிம்மில் அங்கத்துவமும் எடுத்திருக்கிறேன்.)

அப்டன் பார்க்கில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. பேக்கரியில் இருபது வருடம் மாவோடு மல்லுக்கட்டி வாங்கியது. வீட்டுக்கு வயது நூறுக்கு மேல். அதில் கோயம்புத்தூர்க்காரி திவ்யாவும் அவள் கணவனும் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுடைய மகள் இனியாவுக்கு அப்போது பதினொரு மாதம்.

ஒருநாள் திவ்யா போன் எடுத்தாள்.

"அண்ணா, ஜன்னல் கட்டையில பெயின்ட் உரிஞ்சு வருது. பாப்பா அதைப் பிடிச்சு நின்னுட்டு நக்கிட்டே இருக்கா. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்குமாம். குழந்தைக்கு ரொம்ப ஆபத்தாம்."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் பாக்கிறன்" என்றேன். பயம் எனக்குத்தான் வந்தது.

அதே கிழமை கவுன்சில் அதிகாரி ஒருவரும் போன் எடுத்தார். வாடகை அனுமதிக்காகத் திங்கட்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறாராம். அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேசினார். அதில் எனக்குப் பிடிபட்டது "பெயின்ட்" என்ற ஒரு சொல்தான். பதினொரு இடத்தில் யெஸ் சொன்னேன். பின்னாலேயே ஆறு பக்கத்தில் ஒரு கடிதமும் வந்தது.

"மகளிட்டக் குடுத்து வாசிப்பியுங்கோவன்" என்றாள் மனைவி வதனி.

"எனக்கு விளங்குது" என்றேன்.

விளங்கியது படம். நான்காம் பக்கத்தில் மரத்தைத் தேய்க்கும் மெஷின் ஒன்றின் படம் இருந்தது. சரி, இதால் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். (படத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் அடையாளம் இருந்தது. அது பிரிண்டரின் கோளாறு என்று நினைத்தேன்.)

சனிக்கிழமை திவ்யா குடும்பம் ஸ்ட்ரெதத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. நான் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூக்கில் துவாயைக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூசி போகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஜன்னல்களை எல்லாம் இறுகப் பூட்டினேன். இரண்டு நாள் தேய்த்தேன். வெள்ளைக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஏதோ ஒரு மகாராணி காலத்து மண்ணிறம். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் தும்புத்தடியால் வீடு முழுக்கக் கூட்டினேன். கூட்டக் கூட்டத் தூசி எழும்பிப் பறந்து மறுபடியும் வந்து படுத்தது. ஆறுதலாகப் படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் போனபோது எங்கள் வீட்டு வாசலில் வதனி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, விபூதிச் சாக்குக்குள்ள விழுந்து எழும்பினீங்களே?"

திங்கள் காலை அதிகாரி வந்தார். நெடிய, மரியாதையான மனிதர். வாசலில் என் சப்பாத்து இருப்பதைக் கண்டார். தமிழர் வீடுகளுக்கு நிறையப் போய்ப் பழகியவர் போலும். நான் சொல்லாமலே தன் சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தார். உள்ளே கருநீல சொக்ஸ். எனக்கு அவரைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அவர் நடந்தார். ஹோல், குசினி, குழந்தையின் அறை. வழவழப்பான ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நான் வெட்கப்பட ஆயத்தமானேன். அவர் திரும்பினார். வந்த வழியெல்லாம் அவருடைய காலடிகள் கோலம் போட்டதுபோல் பதிந்திருந்தன. கொக்குப்போல் ஒரு காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். கருநீலம் வெள்ளையாகியிருந்தது.

பையிலிருந்து ஈயம் பார்க்கும் சின்னக் குச்சி ஒன்றை எடுத்துக் கட்டையின் மூலையில் தேய்த்தார். குச்சியின் நுனி சிவந்தது. அவர் முகமும் சிவந்தது. கையால் தேய்ப்பதுபோல் காட்டி, "ஸ்ஸ்ஸ்ஸ்?" என்று மெஷின் சத்தம் போட்டுக் கேட்டார்.

"யெஸ்."

தண்ணீர் தெளிக்காமலா என்று சைகை காட்டினார்.

"யெஸ், யெஸ்."

ஜன்னலைப் பூட்டிவைத்தா?

"யெஸ்."

என் வாழ்க்கையில் நான் விளங்கிக்கொண்டு சொன்ன முதல் நான்கு யெஸ்களும் அவைதான்.

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. திவ்யா வந்துவிட்டாள். ஒரு கையால் செருப்பைக் கழற்றியபடி, இடுப்பில் துள்ளிய இனியாவை இறக்கிவிடக் குனிந்தாள். அதிகாரி ஓடப் போய் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த பயம் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

"இறக்காதை! பிள்ளையைக் கீழ இறக்காதை!"

கத்தியது நான்தான். கலியாண மேடையில்கூடக் குரல் வெளியே வராத மனிதன். திவ்யா உறைந்துபோய் நின்றாள். குழந்தை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியபடி வீரிட்டது.

எல்லோரும் வெளியே வந்தோம். அதிகாரி பேசப் பேச திவ்யா தமிழில் சொன்னாள்.

"அண்ணா, கெட்டியா ஒட்டியிருக்கிற பழைய பெயின்ட்டை அப்படியே விட்டுட்டு மேல புதுசா அடிச்சா போதுமாம். உரியிற இடத்தை மட்டும் ஈரம் பண்ணி எடுக்கணுமாம். இந்தத் தூசிதான் விஷமாம். குழந்தைங்க மூளையையே கெடுத்திடுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இதெல்லாம் போன்ல சொன்னாராம். நீங்க யெஸ் சொன்னீங்களாம்."

அதிகாரி சொக்ஸைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். அவருக்காக வதனி சுட்டுத்தந்து, குசினியில் நான் திறந்து வைத்திருந்த பதினைந்து உளுந்து வடையும் அதே பைக்குள் போயின.

துப்புரவாக்குகிறவர்கள் சந்திரனுக்குப் போகிற உடுப்போடு வந்தார்கள். மூன்று கிழமை வேலை. அதுவரை திவ்யா குடும்பம் எங்கள் வீட்டில். குழந்தைக்கும் எனக்கும் இரத்தப் பரிசோதனை. முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. திவ்யா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஈயம் என் இரத்தத்தில்தான் அளவைவிடக் கூட.

"அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட மனிசன்" என்று வதனி போனில் ஊருக்கெல்லாம் சொன்னாள். "அதுக்குப் பிறகு எடுத்த முதல் சோதினை. கூட எடுத்திட்டார் எண்டு டொக்டரே சொன்னவர்."

அந்த மூன்று கிழமையும் நான் இனியாவின் பின்னாலேயே தவழ்ந்தேன். கதவை நக்கப் போனால், "நக்காதை, பிள்ளை." கதிரைக் காலை, ரேடியேட்டரை, என் சப்பாத்தை நக்கப் போனால், "நக்காதை, நக்காதை." கடைசி நாள் காலை அவள் என்னை விரலால் சுட்டி, வாழ்க்கையின் முதல் சொல்லைச் சொன்னாள்.

"நக்காதை!"

"எல்லாக் குழந்தையும் முதல்ல அம்மான்னு சொல்லும்" என்று திவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். "என் பொண்ணு இதைச் சொல்றா, அதுவும் யாழ்ப்பாணத் தமிழ்ல!"

இனியா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் பஞ்சாமிர்தத்துக்கு வரிசையில் நின்றேன். அதை வாங்கி, இலையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன நேரம், மண்டபத்தின் மற்றப் பக்கத்திலிருந்து என்னைக் கண்டுவிட்டாள்.

"நக்காதை மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பின்னால் நின்ற வயதான ஐயா ஒருவர், "சின்னப் பிள்ளை சொல்லுறது சரிதானே தம்பி, கரண்டியால சாப்பிடும்" என்றார்.