பூஜை நாளில் பார்த்த பிரிவு

எதற்கெடுத்தாலும் அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முடிவு தப்பாகப் போனாலும், அட்டவணை சரியாகத்தான் இருந்தது என்று வாதாடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருக்கிறது. (டாக்டரே சொல்கிறேன், நம்பலாம்.)

எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் ஜூனியர் டாக்டராகச் சேர்ந்தேன். எந்தப் பிரிவு வேண்டும் என்று நானே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். வாரக் கடைசி வரை சுற்றிப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்தபின் ஒரு வருடத்துக்கு மாற்றம் கிடையாது.

எனக்கு வேண்டியது மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நேரம். நோயாளிகள் அதிகம் வராத, வேலை நேரத்திலேயே கைடைப் பிரித்து வைத்துக்கொள்ள இடம் தருகிற பிரிவு. இதை வெளியே சொன்னால் டாக்டர் பட்டத்துக்கே அவமானம். அதனால் மடிக்கணினியில் அட்டவணை போட்டேன். கூட்டம், சத்தம், ரத்தம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண்.

அது ஆயுத பூஜை வாரம். அப்பா காவேரிப்பட்டினத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். லீவு நாளில் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய் என்று போனில் கேட்டார். நோய்க்கு ஏது லீவு என்று வெள்ளைக் கோட்டுக்குரிய குரலில் அவருக்கு விளக்கினேன்.

என் பேச்சுக்குச் சான்றும் கிடைத்தது. பிரசவப் பிரிவில் பூஜையாவது ஒன்றாவது, படுக்கை காலியில்லை. குழந்தைகள் பிரிவில் அழுகை கேட்டு எனக்கே காய்ச்சல் வரும்போல் இருந்தது. எலும்பு முறிவுப் பிரிவு மட்டும் கோயில் போல இருந்தது. மாவுக்கட்டு அறுக்கும் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. ஸ்டெல்லா சிஸ்டர் எனக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்.

“எப்பவும் இப்படித்தானா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“இப்படியே இருந்துட்டா எவ்ளோ நல்லா இருக்கும், டாக்டர்” என்றார் அவர், ஏக்கத்தோடு.

அந்த ஏக்கத்தை நான் மனநிறைவு என்று பதிவு செய்தேன். பண்டிகையிலும் நிரம்பி வழிகிற பிரிவு எப்போதும் நிரம்பி வழியும். பண்டிகையில் அமைதியான பிரிவு எப்போதும் அமைதி. (இந்தத் தர்க்கத்தை இன்று படித்தாலும் எனக்கு லேசாகத் தலை சுற்றுகிறது.)

பிரிவின் தலைமை டாக்டர், நாங்கள் சீஃப் என்று கூப்பிடுகிறவர், ஏன் இந்தப் பிரிவு என்று கேட்டார். பெண் டாக்டர்கள் அதிகம் வருவதில்லை என்பதால் அவருக்கு ஆச்சரியம். எலும்பு என்றால் சின்ன வயதிலிருந்தே இஷ்டம் சார் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்த மறுநாள், கையில் கைடும் பென்சிலுமாகப் போய் இறங்கினேன். வராந்தாவில் நிற்க இடமில்லை. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, காக்கிச் சட்டை என்று தொழிற்பேட்டையின் எல்லாச் சீருடைகளும், ஆளுக்கொரு கையைத் துணியில் தொங்கவிட்டபடி தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் முனகிக்கொண்டிருந்தன.

“என்ன சிஸ்டர் இது?”

“மிஷினெல்லாம் மறுபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு இல்லீங்களா” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர், பஞ்சு உருளைகளை அடுக்கிக்கொண்டே.

காய்ச்சலுக்கு லீவு கிடையாதுதான். ஆனால் எங்கள் பிரிவுக்கு நோயாளிகளை அனுப்பிவைக்கும் பிரஸ் மிஷின்களும் லேத்துகளும் அத்தனை நாளும் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருந்திருக்கின்றன. இந்த ஊரில் பஸ் ஏறத் தெரிந்த எவருக்கும் தெரியும் விஷயம், என் அட்டவணையில் ஒரு கட்டத்தில்கூட இல்லை.

எனக்குக் கிடைத்த முதல் ஆள் முனிராஜ். இரும்புத் தட்டு விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. சீஃப் எலும்பைச் சரியாகப் பொருத்திவிட்டு, மாவுக்கட்டு போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். நடுவில் நிறுத்தினால் மாவு இறுகிவிடும், நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். முனிராஜோடு வந்த நண்பர், முழங்கைக்கு முட்டுக்கொடுக்க என் கைடை எடுத்து வைத்தார்.

குனிந்து சுற்ற ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் என் கழுத்து கொஞ்சம் கீழே போனது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை ஈர மாவுக்குள் போய், அதன் வாரும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. பார்த்துவிட்டேன். ஆனால் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. வாரைச் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். முடித்தபோது என் மூக்குக்கும் முனிராஜின் கட்டுக்கும் நடுவே ஒரு கொசு பறக்க இடமில்லை. தலையை உருவ முடியாத அளவுக்கு வார் குட்டையாகியிருந்தது. கையெல்லாம் மாவு.

அந்த நேரம் பார்த்து முனிராஜின் மனைவி போன் செய்தார். நண்பர் போனை அவர் காதில் வைத்தார்.

“கட்டு போட்டாச்சு. இல்ல, இப்ப கெளம்ப முடியாது” என்று நிதானமாகச் சொன்னார் முனிராஜ். “டாக்டரம்மாவையும் சேத்துக் கட்டியிருக்குது.”

அதைக் கேட்டு சீஃப் திரும்பிப் பார்த்தார். “எலும்புன்னா இஷ்டம்னு சொன்னீங்க. இவ்வளவு கிட்டத்துலன்னு சொல்லலையேம்மா” என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டர் கத்தரியோடு வந்து வாரை வெட்டி என்னை விடுவித்தார். அட்டை உள்ளேயே இருந்ததால் கட்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று. குங்குமம் காயாத அதே மிஷினால் அறுத்து, புகைப்படத்தில் சிரித்துக்கொண்டிருந்த என்னை வெளியே எடுத்து, சீஃப் புதுக் கட்டு போட்டார். கைடில் சிதறிய மாவு இறுகி, பாதிப் புத்தகம் இன்றுவரை திறக்கவில்லை.

மாலையில் சீஃப் அறைக்குப் போய், எந்த நாளில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று உண்மையைச் சொல்லி, வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

“முனிராஜ் கட்டு பிரிக்கிற வரைக்கும் இருங்க. அப்பவும் போகணும்னா நானே பேசி அனுப்பறேன்” என்றார்.

கட்டு பிரிக்கும் நாளில் முனிராஜ் தாடியை எடுத்துவிட்டு வந்திருந்தார். இதற்குள் எத்தனையோ கட்டுகள் போட்டிருந்தேன், அட்டையைக் கோட்டுப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு. விரல்களை மடக்கச் சொன்னேன். மடக்கினார். என் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். வலித்தது.

“போதும், விடுங்க முனிராஜ்.”

“அன்னிக்கு நீங்க விட்டீங்களா மேடம்?” என்றார்.

நான் சீஃப் அறைக்குப் போகவில்லை. மேற்படிப்புக்கும் எலும்பையே எடுத்தேன். (தேர்வுக்கு வேறு கைடு வாங்கிப் படித்தேன்.)

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னது மட்டும் பிழை. எங்கள் வீட்டில் இப்போது எதைத் தேர்ந்தெடுத்தாலும், “பூஜை அன்னிக்குப் பாத்தீங்களா, சாதா நாள்லயா?” என்பதுதான் முதல் கேள்வி. போன வருடம் அப்பாவும் அம்மாவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ராயக்கோட்டைக்கு எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். வீடே பளிச்சென்று, ஒருவர்கூடக் குரல் உயர்த்திப் பேசாமல் இருந்ததாம். அம்மா உருகிப்போய்த் திரும்பினாள். அப்பா, “அது பூஜை நாளுங்க, டாக்டரம்மா” என்று எனக்கு போன் செய்தார்.

அதனால் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை யார் அணைப்பது என்று உள்ளே மூன்று குரல்கள் சண்டை போட்டன. பாதி சவரம் செய்த முகத்தோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே ஓடிவந்து, எங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

மோட்டாரை நான் அணைத்தேன். கல்யாணம் தை மாதம் நடந்தது.