நீலக் கதவு வீட்டுச் சுக்கினி

கதவைத் திறந்து வெளியே வைத்த காலை ஆர்டித் அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மிதியடியின் மேல் ஒரு சுக்கினி படுத்திருந்தது. சுரைக்காய் ஜாதிதான். ஆனால் கைக்குழந்தை அளவுக்கு, பச்சைப்பசேலென்று, தொட்டிலில் போட்டு ஆட்டலாம் போல இருந்தது.

"லோவெல்! இங்கே ஓடி வாங்க!"

பாதி சவரம் செய்த முகத்தோடு புருஷன் வந்து எட்டிப்பார்த்தார்.

"சுக்கினி."

"அது எனக்கும் தெரியுது. யார் வெச்சது?"

"ஆகஸ்ட் மாசம்டி. நம்ம ஊர்ல யார் வைக்கலேன்னு கேளு. போன வாரம் சர்ச் வாசல்ல வண்டிக் கண்ணாடியை ஏத்தாம விட்டவன் சீட்டுல நாலு கிடந்துதாம்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த மலையடிவாரத்து ஊரில் கோடை முடிவதற்குள் எல்லார் தோட்டத்திலும் சுக்கினி காய்த்துத் தள்ளிவிடும். தின்று தீராது. விடியும் முன்னால் அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆர்டித்தால் அது முடியாது.

சின்னக் குற்றம் செய்தவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் ஒழுங்காக இருக்கிறார்களா என்று கண்காணிக்கச் சொல்லி நீதிமன்றம் ஆர்டித்திடம் ஒப்படைக்கும். அதற்கு அவளுக்கு அரசாங்க லைசென்ஸ் உண்டு. விதிகளும் உண்டு. கண்காணிப்பில் இருப்பவரிடம் எதையும் வாங்கக் கூடாது. அவருக்கு எதையும் கொடுக்கக் கூடாது. வியாபாரம் கூடாது. உறவுக்காரராகவும் இருக்கக் கூடாது. பாதி ஊர் அவளுக்குச் சித்தப்பா பிள்ளைகள் என்பதால் அவளிடம் வந்து சேர்பவர்களே குறைவு. ஒருதரம் தும்மல் வந்தபோது கண்காணிப்பில் இருந்த ஒருவன் நீட்டிய காகிதக் கைக்குட்டையை வாங்கிவிட்டு, தன்மேல் தானே புகார் எழுதி அனுப்பியவள் அவள்.

"என் ஆளுங்கள்ல யாராவது வெச்சிருந்தா லைசென்ஸ் போச்சு."

"சுக்கினி லஞ்சம் இல்லடி, தண்டனை. கொண்டா, சீவிப் போட்டு ரொட்டி சுட்டுடலாம்."

"தொடாதீங்க!"

அவளுக்கு ஹார்லன் ஞாபகம்தான் வந்தது. சர்ச் கூடைப்பந்தாட்டத்தில் நடுவரின் மூக்கில் குத்தியதற்காக அவளிடம் வந்தவன். இரண்டு நாள் முன்னால்தான், "நீலக் கதவு போட்ட வீடுதானே உங்களுது?" என்று கேட்டான். எதற்குக் கேட்டான்? அந்தக் கேள்வி இப்போது அவள் மண்டைக்குள் குடைந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சுக்கினியைக் காரில் ஏற்றி, உருளாமல் இருக்க பெல்ட்டும் போட்டு, ஹார்லன் வீட்டுக்கு ஓட்டினாள்.

கதவைத் திறந்தது அவன் மனைவி ஜனீல். ஆர்டித் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையாலும் சுக்கினியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்களுக்கா அக்கா? இவர் செஞ்ச வேலைக்கு யாரும் எங்க முகத்துலயே முழிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"இல்ல ஜனீல், இது வந்து..."

"நில்லுங்கக்கா!" என்று உள்ளே ஓடியவள் பீச் பழ ஜாம் ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"ஐயோ, நான் வாங்கக் கூடாது."

ஜனீலின் முகம் வெளுத்தது. "ஏன்க்கா? இவரை உள்ளே தள்ளப் போறீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா!"

"அப்ப வாங்கிக்கங்க."

வாங்காவிட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது. வாங்கிக்கொண்டாள். சும்மா வாங்கினால்தானே இனாம் என்று தோன்ற, சட்டென்று கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஜனீலின் கையில் திணித்தாள். திணித்த பிறகுதான், வியாபாரமும் கூடாது என்பது உறைத்தது.

"இது ரொம்ப ஜாஸ்திக்கா" என்று ஜனீல் இன்னும் இரண்டு பாட்டிலைக் காரில் வைத்தாள். காரைக் கிளப்பும்போதுதான், "அதை எங்க வாசல்ல வெச்சது ஹார்லன்தானே? கேட்டுச் சொல்லு" என்று ஆர்டித்தால் சொல்ல முடிந்தது.

மத்தியானம் ஹார்லனே போன் செய்தான்.

"அக்கா, அந்தச் சுக்கினியை நாந்தான் வெச்சேன்னு நினைச்சீங்களாமே? சத்தியமா நான் இல்ல. எங்க வீட்டுதையே குழி வெட்டிப் புதைச்சிட்டிருக்கேன்!"

"அப்ப எதுக்கு என் வீட்டை விசாரிச்சே?"

"நீலப் பெயிண்ட் எங்கே வாங்கினீங்கன்னு கேக்க வந்தேன். கேக்கலாமோ கூடாதோன்னு பயந்து விட்டுட்டேன்."

ஆர்டித் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் வைக்கவில்லை என்றால் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. யாருடையதோ பொருளைத் தன் கண்காணிப்பில் இருப்பவனுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள்.

"ஹார்லன், அதை அப்படியே வெச்சிரு. நான் வந்து எடுத்துக்கறேன்."

"ஜனீல் சீவி ரொட்டி சுட்டுட்டாளேக்கா. வாங்கினதுக்கு என்னைப் பிடிச்சு உள்ளே போட்டுருவாங்களா?"

"ஒண்ணும் ஆகாது. பேசாம இரு."

அவன் பேசாமல் இருக்கவில்லை. மறுநாள் சர்ச் விட்டதும் அத்தனை பேர் நடுவிலும் பெரிய பொட்டலத்தை நீட்டி, "அக்கா, உங்க சுக்கினியைத் திருப்பித் தந்துட்டேன். எல்லாரும் சாட்சி!" என்று கத்தினான். ரொட்டியின் ஏலக்காய் மணம் ஊர் முழுக்கப் பரவியது. கூடவே பேச்சும்.

இரண்டு நாள் தூங்காமல் கிடந்துவிட்டு, லைசென்ஸ் ஆபீசுக்கு ஆர்டித் தானே போன் செய்தாள். லோவெல் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு காய்கறிக்காகப் பொழைப்பைக் கெடுத்துக்கறியே!"

"என் பொழைப்பு மட்டுமா? லைசென்ஸ் போனா என் ஆளுங்களை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கற கண்காணிப்புக் கம்பெனிக்கு மாத்திடுவாங்க. ஹார்லன் வாராவாரம் அவ்வளவு தூரம் போய்வந்தா அவன் வேலை பாக்கற ஆலையில அவனை வெச்சுப்பாங்களா? ஆனா பொய் சொல்லி அதைக் காப்பாத்த என்னால முடியாது."

தலைநகர் சால்ட் லேக்கிலிருந்து கெல்டன் என்ற அதிகாரி வந்தார். நாற்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. லோவெல் கொண்டுவந்து வைத்த எலுமிச்சை ஜூஸை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"எங்களுக்கும் அதே விதிதான் மேடம். லைசென்ஸ் வெச்சிருக்கறவங்ககிட்ட நாங்க எதையும் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது."

ஆர்டித்துக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. ஒன்று விடாமல் சொன்னாள். ஜாம், நோட்டு, ரொட்டி, சர்ச். கெல்டன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே எழுதினார்.

"சீரியஸான விஷயம். லைசென்சை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அடிப்படையில கேள்வி ஒண்ணுதான். அதை வெச்சது யாரு? என்னிக்கு?"

"சனிக்கிழமை. விடியறதுக்குள்ள."

பேனா நின்றது.

"எந்த வாசல்ல?"

"இதே வாசல்தான் சார். இந்த நீலக் கதவு."

கெல்டன் எழுந்து போய் கதவைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். திரும்பி வந்து எலுமிச்சை ஜூஸை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"மேடம், யோசிச்சுப் பாத்தா இது பெரிய விஷயமே இல்ல. நல்லெண்ணத்துல நடந்த குழப்பம். ஜாமைத் திருப்பிக் கொடுத்துடுங்க. ஃபைலை மூடிடறேன்."

லோவெல், "கடவுளே, நன்றி" என்றார்.

"எப்படி சார் மூடறது?" என்றாள் ஆர்டித். "யார் வெச்சதுன்னு தெரியலையே! நீங்கதானே அதுதான் அடிப்படைக் கேள்வின்னீங்க?"

"சில கேள்விகளை அப்படியே விட்டுடறது நல்லது மேடம்."

"என்னால விட முடியாது. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. விதின்னா விதிதானே சார்?"

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஃபெர்ன் நாயைப் பிடித்துக்கொண்டு போனாள். இந்த வசந்தத்தில்தான் நாலு வீடு தள்ளிக் குடிவந்தவள், விடியற்காலையிலேயே எழுந்துவிடும் கிழவி.

"அவங்க ஏதாவது பாத்திருப்பாங்க!"

"வேண்டாம் மேடம். பாவம், வயசானவங்க..." என்று கெல்டன் கையை நீட்டுவதற்குள் ஆர்டித் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஃபெர்ன்! ஒரு நிமிஷம் உள்ளே வாங்களேன்!"

கெல்டன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே மாட்டியிருந்த தேவாலயப் படத்தை மூக்கு உரசும் தூரத்தில் நின்று ரசிக்கத் தொடங்கினார்.

"சனிக்கிழமை காலையில எங்க வாசல்ல யாரோ சுக்கினி வெச்சிட்டாங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஃபெர்ன் வாயைத் திறந்தவள், சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த முதுகைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அட, மாப்பிள்ளை! ஊருக்கு வந்திருக்கறதைச் சொல்லவே இல்லையே? ஏம்மா ஆர்டித், இவரை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு என்னைக் கேக்கறியே. சனிக்கிழமை இருட்டோட என் தோட்டத்துச் சுக்கினியையெல்லாம் அள்ளிட்டுப் போய், வீட்டுக்கு ஒண்ணா வாசல் வாசலா வெச்சுட்டு ஓடிவந்தவரே இவருதானே!"