பெட்ரோல் வராத சனிக்கிழமை

மைத்துனர் வீட்டு வாஷிங் மெஷினை இந்த ஜென்மத்தில் தூக்குவதில்லை என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாழ்க்கையில் அவர் தூக்கிய அதிகபட்ச எடை ஒரு டஜன் வெயில் கண்ணாடி. மறுநாள் மனைவியின் அண்ணன் வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாஷிங் மெஷின் போக ஐந்து அலமாரி நிறையப் புத்தகம் வேறு. "நம்ம காரை எடுத்து ஒரு மிதி மிதிச்சா அரை மணி நேரம், வந்து நிக்கிறேன் மச்சான்" என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஃபோனில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் அவரேதான்.

தப்பிக்க ஒரு காரணம் வேண்டும். காரணம் ஷெட்டில் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது.

முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட்டு. கடையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய துணியால்தான் அதைத் துடைப்பார். மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். மொத்தம் இருபத்திரண்டு கார்கள், முதல் கார் இவருடையது. அந்த முதல் இடத்துக்காக இரண்டு வருஷம் சங்கத் தலைவருக்கு இலவசமாகக் கண் பரிசோதனை செய்திருக்கிறார். இப்படி ஊர்வலம் நெருங்கும் நேரத்தில் கார் மக்கர் செய்தால் மனுஷன் அதைச் சரிபார்ப்பானா, மூட்டை தூக்கப் போவானா?

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஃபியூஸ் பெட்டி. அதில் தீப்பெட்டியளவு கறுப்பாக ஒரு ரிலே. அது இருந்தால்தான் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகும். அதைப் பிடுங்கி, காலியாக இருந்த ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, கூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி குழந்தை மாதிரித் தூங்கினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவி கைப்பையோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அளந்துதான் பேசுவாள். இவர் சாவியைத் திருப்பினார். கிர் கிர் கிர் என்று இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு?"

"பெட்ரோல் வரலை."

"நேத்துதானே டேங்க்கை நிரப்புனீங்க?"

"டேங்க்குல இருக்கு. இன்ஜினுக்கு வரலை. அது வேற, இது வேற."

"இன்னும் பானெட்டையே திறக்கலை. அதுக்குள்ள எப்படித் தெரியும்?"

"அனுபவம்" என்றார் கண்ணாடிக்காரர். சொன்ன பிறகு, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது. அதைச் சரிக்கட்ட பானெட்டைத் திறந்தார். ஒரு பிளக்கைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். ஸ்பேனர்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினார். ஆபரேஷன் நடக்கிற இடம் போல ஆனது ஷெட்.

"நீ பின்னாடி போய் டேங்க் பக்கத்துல காதை வை. நான் சாவியைத் திருப்பினதும் ரெண்டு செகண்டு ஙொய்னு ஒரு சத்தம் வரணும். அதுதான் பம்பு."

அவள் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து மண்டியிட்டாள்.

"வருதா?"

"வரலை."

"காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு."

"தீட்டிக்கிட்டுத்தான் கேக்குறேன்."

இவர் இறங்கி வந்து, தானும் அவள் பக்கத்தில் குனிந்து, டேங்க்கை இரண்டு தட்டு தட்டினார். அவள் திரும்பி இவருடைய சட்டையை ஒரு கணம் பார்த்தாள்.

"இப்ப ஏதோ சத்தம் கேக்குதுங்க."

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லை. ஃபியூஸ் பாத்தீங்களா?"

"ஃபியூஸெல்லாம் நல்லா இருக்கு."

"அந்தப் பெட்டியை நீங்க திறக்கவே இல்லையே."

"அதைத் தொட்டா ஷாக் அடிக்கும்."

"பன்னெண்டு வோல்ட்டா?"

கண்ணாடிக்காரர் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "இதோ பாரு, நீ ரத்தம் பாக்குறவ. இது கார்."

"ரத்தமோ பெட்ரோலோ, ஓடணும். ஓடலைன்னா எங்க நிக்குதுன்னு பாக்கணும். அவ்வளவுதானே?" என்றபடி அவள் காரின் மேனுவல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இதற்கென்றே அதில் நாலு பக்கம் இருந்தது. நாலையும் நிதானமாகப் படித்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சரி, நான் பஸ்ல போறேன். நாளைக்கு ஊர்வலம் இருக்கே, நீங்க இருந்து பாருங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"தனியாவா போவே? எனக்கு மனசே கேக்கலை" என்றார் இவர். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

"பரவாயில்லை. டூல்ஸெல்லாம் இறைஞ்சு கிடக்கு. டிக்கியில அடுக்கிட்டுப் போறேன்."

அடுக்கினாள். டிக்கிக்குள் கொஞ்ச நேரம் டங் டங் என்று சத்தம் கேட்டது. என்ன பொறுப்பு, என்ன பொறுமை என்று கண்ணாடிக்காரருக்கு மனைவி மேல் பிரியம் பொங்கியது. போகும்போது அவள் மேனுவலையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் படிக்க ஏதாவது வேண்டுமாம்.

பதினொன்றரை வரை தூங்கினார். எழுந்து, சீட்டியடித்துக்கொண்டே ஷெட்டுக்குப் போய், ரிலேயை அதன் இடத்தில் அழுத்திப் பொருத்தி, சாவியைத் திருப்பினார்.

கிர் கிர் கிர்.

மறுபடியும் திருப்பினார். அதே கிர் கிர். பம்பு சத்தம் மூச்சுகூட இல்லை. சீட்டி நின்றது.

அதற்கப்புறம்தான் கண்ணாடிக்காரர் நிஜமாகவே மெக்கானிக் ஆனார். காலையில் செய்ததெல்லாம் நாடகம், இது பிழைப்பு. ஹாரன் ரிலேயைக் கழற்றிப் பம்பின் இடத்தில் போட்டுப் பார்த்தார். பிரயோஜனமில்லை. பம்பு ரிலேயை ஹாரனுக்குப் போட்டார். ஹாரன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. ஆக, ரிலே நல்ல ரிலே. ஃபியூஸும் நல்ல ஃபியூஸ். ஃபில்டருக்கு வருகிற குழாயைக் கழற்றிச் சாவியைத் திருப்பினார். ஒரு சொட்டு வரவில்லை. பம்பின் வயரில் டெஸ்ட் விளக்கை வைத்தார். எரியவில்லை. ரிலேயிலிருந்து கரண்ட் கிளம்புகிறது, பம்புக்குப் போய்ச் சேரவில்லை. நடுவழியில் எங்கே காணாமல் போகிறது? கம்பளத்தைத் தூக்கினார், கதவோரம் இருந்த வயரையெல்லாம் தடவினார். டிக்கியை மட்டும் திறந்தவர், அங்கே அவ்வளவு அழகாக அடுக்கியிருப்பதைக் கலைக்க மனசு வராமல் மூடிவிட்டார். மணி மூன்றானது. தன் கார் இல்லாமல் இருபத்தொரு கார்கள் மட்டும் போகிற ஊர்வலத்தை நினைத்தார். மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"கார் நிஜமாவே ஓடலை" என்றார்.

"காலையிலயும் நிஜமாத்தானே ஓடலை?"

"ஆமா. இப்ப இன்னும் நிஜமா ஓடலை."

மேனுவல் அவள் கைப்பையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் புத்தகத்துல ஏதாவது போட்டிருக்கா பாரேன்."

"போட்டிருக்கு. எண்பத்தேழாம் பக்கம். படத்தோட."

"படிச்சுச் சொல்லு."

"ஃபோன்ல சொன்னா புரியாதுங்க. நேர்ல வாங்க. பஸ் இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு."

போனார். வாஷிங் மெஷின் வாசலிலேயே நின்றது. புத்தகப் பெட்டிகளும் நின்றன. அதுவரை மேலே போயிருந்தவை திரைச்சீலைகளும் தலையணைகளும்தான். "வாங்க மாப்பிள்ளை, கார் ரிப்பேரையும் விட்டுட்டு வந்திருக்கீங்களே" என்று மைத்துனர் உருகிப்போய், மெஷினின் கனமான பக்கத்தை இவரிடம் மரியாதையாக விட்டுக்கொடுத்தார். மூன்று மாடிக்கும் மொத்தம் ஐம்பத்துநாலு படி. கண்ணாடிக்காரர் அவற்றைப் பதினாறு தடவை எண்ணினார்.

கடைசிப் பெட்டி மேலே போனதும் மனைவி எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். டிக்கியின் இடது மூலையில், கம்பளத்துக்கு அடியில், ஒரு சின்ன ஸ்விட்ச். கார் எங்கேயாவது மோதினால் அதன் பொத்தான் தானாக மேலே எம்பி, பெட்ரோல் பம்புக்குப் போகிற கரண்ட்டைத் துண்டித்துவிடுமாம். தீப்பிடிக்காமல் இருக்க. பொத்தானை அமுக்கினால் பழையபடி ஓடும்.

"என் கார் எங்கேயும் மோதலையே."

"டூல்ஸ் அடுக்கும்போது ஸ்பேனர் லேசாப் பட்டிருக்கும்."

"லேசாவா?"

"நாலஞ்சு தடவை."

கண்ணாடிக்காரர் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"குனியும்போதெல்லாம் உங்க பையில கண்ணாடிக் கூடு கடகடன்னு ஆடுச்சு. கண்ணாடியோ உங்க மூக்கு மேல இருந்துச்சு" என்றாள் அவள், சத்தத்தைத் தணித்து. "அண்ணனுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்." சொல்லிவிட்டு அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாகப் பொத்தானை அமுக்கினார். மனைவியை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஙொய் என்றது பம்பு. ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டு உறுமியது கார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி இறங்கியதும் ஒரு காலை உள்ளே வைத்தார். மிச்சம் உள்ளே வர மறுத்தது. அந்தக் காரில் ஏறுவது தரையில் சம்மணம் போடுவது மாதிரி. அவருடைய இடுப்போ நேற்று ஐம்பத்துநாலாம் படியிலேயே தங்கிவிட்டது.

"இந்தப் பக்கமா ஏறிப் பாருங்க" என்றாள் மனைவி. அந்த சீட்டும் அதே உயரம்தான். அவள் மணி பார்த்தாள். "முதல் கார் போகலைன்னா நல்லா இருக்காதுங்க. நான் ஓட்டுறேன். நீங்க பஸ்ல நின்னுக்கிட்டே வந்துடுங்க."

ஊர்வலம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கண்ணாடிக்காரர் நடைபாதையில், நட்டு வைத்த கம்பம் மாதிரி விறைத்து நின்றார். மற்ற இருபத்தொரு கார்களுக்கும் முன்னால் சிவப்புக் கார். ஓட்டுகிறவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டில், வெயில் கண்ணாடி மாட்டிய மைத்துனர் ஜனங்களுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தார். ஆயிரம் இருந்தாலும் என் கார் என்று இவர் நெஞ்சு விம்மிய நேரத்தில், கார் சரியாக அவர் முன்னால் வேகம் குறைந்தது. மைத்துனர் தன் ஃபோனை எடுத்து நீட்டினார்.

"ஒரு போட்டோ எடுங்க மாப்பிள்ளை. கொஞ்சம் நல்லாக் குனிஞ்சு எடுங்க, அப்பதான் கார் முழுசா விழும்."