வினிகர் விவகாரம் குறித்துத் தம்பிக்கு

கோர்ஸ்டார்ஃபின், எடின்பரோ

அன்புள்ள தம்பி டூகலுக்கு,

நீயும் உன் முழங்காலும் நலமென்று நம்புகிறேன். இங்கே மழை நலம்.

நீண்ட யோசனைக்குப் பிறகு, போன வெள்ளிக்கிழமை என் உருளைக்கிழங்கு வறுவலுக்கு வினிகர் கேட்பதென்று முடிவெடுத்தேன். குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டியது மூத்தவன் கடமை.

கிளாஸ்கோவில் நாம் வினிகர் குடித்து வளர்ந்தவர்கள். மொய்ராவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபிறகு, ஊரோடு ஒத்து, வறுவலில் இவர்கள் ஊற்றும் அந்தப் பழுப்பு சாஸையே தின்று வந்தேன். இப்போது பந்து உருட்டும் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். எதிரே நிற்பது பர்விஸ் ஒருவர்தான். தலைவனாகப் போகிறவன் பிறந்த ஊரை மறைக்கலாமா என்று மனசாட்சி அரித்தது. அரித்த இடம் ரோசான்னாவின் மீன் வறுவல் கடை. வெள்ளிக்கிழமை மாலை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது என்பதால் சங்கமே எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது. ரோசான்னா கேட்காமலே சாஸ் பாட்டிலைக் கவிழ்க்கப் போனாள். வினிகர் போதும் என்றேன். அவள் கை அப்படியே நின்றது.

"உடம்பு ஏதும் சரியில்லையாங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

பின்னாலிருந்து பர்விஸ் சொன்னார்: "விடும்மா, பாவம். இத்தனை வருஷம் நம்ம கூடவே இருந்தாரு, ஒரு வார்த்தை மூச்சு விடல பாரேன்."

அவ்வளவுதான். மறுநாள் நூலகத்தில் புத்தகம் கொடுக்கும்போதே, "ஊருக்குத் திரும்பறீங்களாமே, அதுக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்று கேட்கிறார்கள். தபால் நிலையத்தில் முகவரி மாற்றப் படிவத்தை நான் கேட்காமலே நீட்டினார்கள். பேருந்தை விட்டு இறங்கும்போது வழக்கம்போல ஓட்டுநருக்கு நன்றி சொன்னேன், மனுஷன் என் பக்கம் திரும்பாம கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தான். முடி வெட்டுறவன் பயணமான்னு விசாரிக்கிறான். வீட்ல உக்கார முடியல, எழுந்து சங்கத்துப் புல்தரையைச் சுத்துறேன், அங்கயும் புல் வெட்டுறவர் மிஷினை நிறுத்திட்டு என்னையே பாக்குறார், திரும்பி வந்து வாசல்லயே நிக்கிறேன். நாலு தலைமுறையா இதே தெருவுல இருக்கற குடும்பத்துல பிறந்த மொய்ரா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்:

"வீட்டுக்குள்ள எதை வேணா ஊத்திக்கோங்க. வரிசையில நின்னுதான் ஊத்தணுமா?"

ஆனாலும் பின்வாங்க மாட்டேன். என் வாக்கும் மொய்ராவின் வாக்கும் உறுதி. மற்றவர்களைப் பேசிச் சரிக்கட்டலாம். தோற்றால் வீட்டை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். பின்னறையைக் காலி செய்து வை. வினிகர் மணக்கும் ஊரில்தான் என் கட்டை வேகும்.

உன் முழங்கால் வளையவும், குழந்தைகள் உன் பேச்சைக் கேட்கவும் ஆசிகள்.

உன் அண்ணன்,
வில்லி கில்ஃபிலன்

பி.கு.: இதை இன்னும் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமைப் பொட்டலம் அந்த ரகளையில் பிரிக்காமலே குப்பைக்குப் போயிற்று. நேற்று மறுபடியும் வினிகர் போட்டு வாங்கி வந்து, முதல் வாய் வைத்தேன். சகிக்கவில்லை. சாஸ் ஊற்றித்தான் தின்று முடித்தேன். பின்னறையைக் காலி செய்ய வேண்டாம். தேர்தலும் நேற்றே முடிந்தது. எனக்கு ஒரு வாக்கு விழுந்தது.